கட்டி சார்க் பாய்க்கப்பலில் வேலையும் வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில், தேம்ஸ் நதியை ஒட்டிய கிரீனிச்சில், உலர்துறை ஒன்றில் நிற்கிறது கட்டி சார்க். மூன்று பாய்மரம், தலைக்கு மேல் கயிற்றுக் காடு, தங்க நிறத்தில் மின்னும் அடிப்பாகம். பார்க்க அழகுதான். ஆனால் இந்தக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தாலே பந்தயம், வேகம், சாதனை என்றுதான் பேச்சு போகிறது. அந்த வேகத்தைக் கயிறு பிடித்து இழுத்துக்கொடுத்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள், கைக்கு எவ்வளவு கிடைத்தது? என் அக்கறை அதில்தான். கீழே உள்ள கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியவையே.

கட்டி சார்க் எந்த மாதிரிக் கப்பல்?

‘கிளிப்பர்’ வகை. சரக்குக் கொள்ளளவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடலை ஒடுக்கமாகவும், முன்முனையான அணியத்தைக் கூராகவும் அமைத்து, வேகத்துக்காகவே கட்டிய வணிகக் கப்பல். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில், ஸ்காட் அண்ட் லின்டன் என்ற சின்ன நிறுவனம் கட்டியது. சொந்தக்காரர் லண்டனைச் சேர்ந்த ஜான் வில்லிஸ். பேசிய விலை டன்னுக்கு 17 பவுண்டு, மொத்தம் 16,150 பவுண்டு. அந்தப் பணத்துக்கு வில்லிஸ் கேட்ட தரத்தில் கட்டி முடிக்க அவர்களால் முடியவில்லை. பாதியிலேயே நொடித்துப்போனார்கள். மீதி வேலையை டென்னி நிறுவனம் முடித்துக்கொடுத்தது. 1869 நவம்பர் 22 அன்று கப்பல் நீரில் இறங்கியது.

சட்டகம் இரும்பு, அதன்மேல் அறைந்த பலகை தேக்கும் எல்ம் மரமும். நீளம் 212 அடிக்குச் சற்று மேல், அகலம் 36 அடி. நடுப் பாய்மரத்தின் உயரம் 152 அடி. எல்லாப் பாயையும் விரித்தால் 32,000 சதுர அடித் துணி. கயிறுகளின் மொத்த நீளம் 11 மைல். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வேலையைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘குட்டைச் சட்டை’. ராபர்ட் பர்ன்ஸின் கவிதை ஒன்றில், குட்டைச் சட்டை போட்டு ஆடும் நன்னி என்ற சூனியக்காரி, குதிரையில் தப்பி ஓடுகிறவனைத் துரத்திப்போய்க் குதிரையின் வாலைப் பிடித்துவிடுகிறாள். வால் மட்டும் அவள் கையோடு வந்துவிடுகிறது. கப்பலின் அணியத்தில் கை நீட்டி நிற்கும் மரச்சிலை அவள்தான்.

தேயிலைக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

சீனாவில் பறித்த அந்த ஆண்டின் முதல் தேயிலை லண்டன் சந்தைக்கு வந்தால் நல்ல விலை. வேகமான கப்பலுக்கு வியாபாரிகள் கூடுதல் கட்டணம் கொடுத்தார்கள். வில்லிஸ் கட்டச் சொன்னது அதற்குத்தான்.

கட்டி சார்க் 1870 பிப்ரவரியில் ஒயின், பீர், மற்ற மதுவகைகளோடு முதல்முறையாக லண்டனிலிருந்து ஷாங்காய்க்குக் கிளம்பியது. அங்கே 13 லட்சம் ராத்தலுக்கு மேல் தேயிலை ஏற்றியது. நம் கணக்கில் ஏறக்குறைய 590 டன். அக்டோபரில் லண்டன் திரும்பிவிட்டது.

ஏற்றும் வேலையே தனித் திறமை. அடியில் கழுவிய கூழாங்கல்லைக் கொட்டிச் சமமாகப் பரப்புவார்கள். அதன்மேல் பலகை, பாய். பிறகு தேயிலைப் பெட்டிகள். சீனத் தொழிலாளர்கள் ஒவ்வொரு பெட்டியையும் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, கப்பலின் வளைவுக்கு ஏற்றபடி வரிசையைப் பொருத்துவார்கள். கடைசிப் பெட்டி இறங்கும்போது விரல் நுழைய இடமிருக்காது. கடலில் ஒரு பெட்டி அசைந்தால் பக்கத்துப் பெட்டி அசையும், அப்புறம் வரிசையே ஆடும். இன்னொன்று, தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிவிடும். அதனால் சரக்கறையைக் காய்ந்ததாக, நாற்றமில்லாததாக வைத்திருப்பதும் மாலுமியின் பொறுப்பு.

சூயஸ் கால்வாய் வழியாகப் போயிருக்கலாமே?

கால்வாய் திறந்தது 1869 நவம்பர் 17. கட்டி சார்க் நீரில் இறங்குவதற்கு ஐந்தே நாள் முன்பு. ஆனால் பாய்க்கப்பலுக்கு அதனால் பயன் இல்லை. கால்வாய்க்குள் இழுத்துச் செல்ல வேறு கப்பல் வேண்டும், கட்டணம் உண்டு, செங்கடலில் காற்றும் சாதகமில்லை. நீராவிக் கப்பல்களோ அந்த வழியாக ஆப்பிரிக்காவைச் சுற்றாமலே வந்தன. கட்டி சார்க் தேயிலையோடு லண்டனுக்கு வந்தது எட்டே தடவை. 1877-க்குப் பிறகு சீனத் தேயிலை அதற்குக் கிடைக்கவில்லை.

கப்பலில் எத்தனை பேர்? யாருக்கு என்ன வேலை?

சராசரியாக 26 பேர். ஒரு சமயம் 19 பேரை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். மேலே கேப்டன். அவருக்குக் கீழ் ‘மேட்’ எனப்படும் துணை அதிகாரிகள்: முதல் மேட், இரண்டாம் மேட். மாலுமிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, அணிக்கொரு மேட்டின் கீழ் இருப்பார்கள். தச்சர், பாய் தைப்பவர், சமையல்காரர், பரிசாரகர் ஆகியோருக்கு இரவுக் காவல், அதாவது இரவு முறைவேலை, கிடையாது. பகல் முழுக்க வேலை, இரவு முழுத் தூக்கம். கப்பலில் அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆள் இருந்திருக்க மாட்டான்.

பயிற்சிப் பையன்களும் உண்டு. பதினைந்து பதினாறு வயது. மகன் ஒருநாள் அதிகாரி ஆவான் என்று பெற்றோர் பணம் கட்டிச் சேர்த்துவிடுவார்கள். மாலுமி செய்கிற அத்தனை வேலையும் அவர்களுக்கும் உண்டு, மரத்தின் உச்சிக்கு ஏறுவது உட்பட.

ஒரு நாள் எப்படிக் கழியும்?

நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. இரவு பகல் வித்தியாசமில்லை. அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும், எட்டாவது முறை அடித்ததும் ஒரு காவல் முடியும். இப்படியே போனால் தினமும் ஒரே அணிக்கு நள்ளிரவுக் காவல் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரையுள்ள நேரத்தை இரண்டு இரண்டு மணியாக உடைத்தார்கள். ஒரு நாளுக்கு ஏழு காவல் என்றாகிவிட, முறை தானாக மாறி மாறி வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலுமிக்குத் தொடர்ந்து கிடைக்கும் தூக்கம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. உடை மாற்ற, சாப்பிட, ஈரத்தைப் பிழிய, எல்லாம் அதற்குள்தான். புயல் வந்தால் ‘எல்லோரும் மேலே’ என்று குரல் வரும். ஓய்வில் இருந்தவனும் எழுந்து ஓட வேண்டும். மூன்று நான்கு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழு இரவுத் தூக்கம் இல்லாமல்!

காற்று நிலையாக இருக்கும் நாளில் சும்மா இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முழங்காலிட்டு மணற்கல்லால் தளத்தைத் தேய்ப்பது, கயிறுகளுக்குத் தார் பூசுவது, துரு சுரண்டுவது, கிழிந்த பாயைத் தைப்பது, தேய்ந்த கயிற்றைப் பின்னுவது என்று மேட் ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். நல்ல வானிலையில் பழைய பாய், புயல் கடலுக்குப் போகும் முன் உறுதியான புதுப் பாய் என்று மொத்தத்தையும் மாற்றிக் கட்டுவதும் உண்டு. சுக்கானில் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

மரத்தில் ஏறிப் பாய் சுருட்டுவது எவ்வளவு கடினம்?

பாயைத் தாங்கும் குறுக்குமரத்தை நம் கடற்கரையில் பருமல் என்பார்கள். கட்டி சார்க்கின் பெரிய பருமல் 78 அடி. இரவில் காற்று கூடுகிறது, மேல்பாயைச் சுருட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தளத்திலிருந்து கயிற்றை இழுத்துப் பாயை ஓரளவு கூட்டிவிடுவார்கள். பிறகு ஏழெட்டுப் பேர் கயிற்று ஏணியில் ஏறுவார்கள். தட்டு ஒன்று வெளியே துருத்தும் இடத்தில் உடம்பு பின்னோக்கிச் சாய, தொங்கியபடி ஏற வேண்டும். பருமலுக்குக் கீழே ஒற்றைக் கயிறு தொங்கும். அதில்தான் கால். பக்கத்து ஆள் கால் வைத்தால் உங்கள் காலடிக் கயிறு ஏறும், அவன் நகர்ந்தால் இறங்கும்.

வயிற்றைப் பருமலில் அழுத்திக் குனிந்து இரண்டு கையாலும் துணியை அள்ள வேண்டும். மழையில் நனைந்த கித்தான் பலகை மாதிரி விறைத்திருக்கும், தென்கடலில் பனி உறைந்தும் இருக்கும். பிடித்த மடிப்பைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகும், நகம் பெயரும். மறுபடி முதலிலிருந்து. ‘ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு’ என்பது மாலுமிகளின் பழமொழி. உண்மையில் பாய் சுருட்ட இரண்டு கையும் வேண்டும். எண்ணெய்த் துணிச் சட்டையின் விளிம்பு ஈரத்தோடு உரசி உரசி மணிக்கட்டில் கொப்புளம் வரும். உப்புநீர் அதை ஆறவிடாது.

தவறி விழுந்தால் தளத்தில் விழ வேண்டும், இல்லையேல் கடலில். முழுவேகத்தில் போகும் பாய்க்கப்பலைத் திருப்பி நிறுத்திப் படகை இறக்குவதற்குள் கடலில் விழுந்தவன் வெகுதூரம் பின்னால் போயிருப்பான். பெரிய அலைகள் எழும்போது படகை இறக்கவே முடியாது.

இத்தனை கயிற்றில் எது எதற்கு என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கயிற்றுக்கும் தனி முளை, தனி இடம். அந்த இடம் மாறவே மாறாது. கும்மிருட்டில் கையால் தடவிச் சரியான கயிற்றைப் பிடிக்கத் தெரிந்தவன்தான் முழு மாலுமி.

என்ன சாப்பிட்டார்கள்?

உப்பிட்ட மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றி இறைச்சி, பட்டாணிச் சூப், கல் மாதிரி பிஸ்கட். ஒப்பந்தத் தாளிலேயே அளவு எழுதியிருக்கும். வழக்கமான அளவு, நாளுக்கு ஒரு ராத்தல் பிஸ்கட், குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து மூன்றரை லிட்டருக்கும் குறைவான தண்ணீர். பிஸ்கட்டைத் தட்டினால் புழு விழும், தட்டிவிட்டுத் தின்பார்கள். காய்கறி, பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கத் தினமும் எலுமிச்சைச் சாறு கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அளவுப்படி மாலுமிக்கு ஒரு நாளைக்குத் தேயிலை எட்டில் ஒரு அவுன்ஸ், மூன்றரை கிராம். காலடியில் 590 டன் தேயிலையை வைத்துக்கொண்டு!

கட்டி சார்க்கின் தளம் தாழ்வானது. புயலில் அலை ஏறித் தளம் முழுக்கத் தண்ணீர் ஓடும், அடுப்பு அணையும். அன்றைக்குச் சூடான சாப்பாடு, சூப் எதுவும் கிடையாது. படுக்கை என்பது தளத்து அறையில் பலகைத் தட்டு, அதன்மேல் மாலுமியே வாங்கி வந்த வைக்கோல் மெத்தை. புயல் காலத்தில் அதுவும் நனைந்துதான் இருக்கும்.

சம்பளம்?

1870-களில் பாய்க்கப்பல் மாலுமிக்கு மாதம் இரண்டரை முதல் மூன்று பவுண்டு. கையில் வருவது பயணம் முடிந்த பிறகுதான். கிளம்பும்போது முன்பணச் சீட்டு கிடைக்கும். அதைத் தங்கும் விடுதிக்காரன் கழிவு பிடித்துக்கொண்டு மாற்றித்தருவான். கடலில் புகையிலையோ மழைச் சட்டையோ தேவைப்பட்டால் கேப்டனிடம் வாங்கலாம், அது சம்பளத்தில் கழியும். பணம் பட்டுவாடா ஆகும் நாளில் துறைமுக வாசலிலேயே தரகர்கள் காத்திருப்பார்கள். ஒரு வருட உழைப்பு ஒரு வாரத்தில் கரைந்துபோய், அதே விடுதிக்காரனுக்குக் கடன்பட்டு அடுத்த கப்பலில் ஏறியவர்கள் பலர். கடல் அவர்களைப் பாடுபடுத்தியது, கரை சுரண்டியது.

வேலை செய்யும்போது பாடுவார்களாமே?

ஆமாம். அது பொழுதுபோக்கு இல்லை, வேலைக் கருவி. ஒருவன் அடி எடுத்துக்கொடுப்பான், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடும் அடியில் குறிப்பிட்ட சொல் வரும்போது எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள். நம் ஊரில் ஏலேலோ பாடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நங்கூரம் தூக்க நடைக்கேற்ற நீளமான பாட்டு, பாய் ஏற்ற வெட்டி வெட்டி இழுக்கும் பாட்டு என்று வகை வகையாக இருந்தது. நல்ல பாட்டுக்காரன் பத்து ஆளுக்குச் சமம் என்பார்கள்.

1872-இல் சுக்கான் உடைந்தது என்கிறார்களே, என்ன நடந்தது?

என்னைக் கேட்டால் இந்தக் கப்பலின் வரலாற்றிலேயே பெருமைப்பட வேண்டிய பயணம் இதுதான். அதுவும் தோற்ற பயணம்.

தெர்மோபிலே என்ற இன்னொரு கிளிப்பரும் கட்டி சார்க்கும் 1872 ஜூனில் ஒரே சமயத்தில் ஷாங்காயிலிருந்து கிளம்பின. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலுள்ள சுந்தா நீரிணையைத் தாண்டி இந்தியப் பெருங்கடலில் வந்தபோது கட்டி சார்க் நன்றாக முன்னால் இருந்தது. ஆகஸ்ட் 15 அன்று புயலில் சுக்கான் அப்படியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கப்பலில் வந்திருந்த, உரிமையாளர் வில்லிஸின் சகோதரர், தென்னாப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றுக்குப் போய்ப் பழுதுபார்க்கச் சொல்லிக் கத்தினார். மூடி என்ற பெயர் கொண்ட கேப்டன் கேட்கவில்லை. நடுக்கடலிலேயே புதுச் சுக்கான் செய்வது என்று முடிவெடுத்தார்.

தச்சர் ஹென்றி ஹென்டர்சன் தலைமையில் வேலை தொடங்கியது. மாற்றுக்கு வைத்திருந்த மரங்களை அறுத்து இழைத்தார்கள். இரும்பு வேலைக்குத் தளத்திலேயே உலை மூட்டினார்கள். கப்பல் உருள, உலை கவிழ்ந்து, துருத்தி ஊதிக்கொண்டிருந்த கேப்டனின் மகன்மேல் நெருப்பு கொட்டியது. அப்படியும் வேலை நிற்கவில்லை. செய்து முடித்த சுக்கானைப் பொங்கும் கடலில் பின்பக்கமாக இறக்கி, சங்கிலியும் கயிறும் போட்டு இழுத்துப் பொருத்தினார்கள். எல்லாம் ஒரு வாரத்துக்குள். பின்னர் அதன் பிடிகள் தேய்ந்து, மறுபடி தூக்கிச் சரிசெய்து மாட்ட வேண்டியிருந்தது.

இந்தச் சுக்கானோடு லண்டன் வந்து சேர்ந்தார்கள். தெர்மோபிலே வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஹென்டர்சனுக்கு 50 பவுண்டு பரிசு கொடுத்தார் வில்லிஸ். ஒரு மாலுமியின் ஒன்றரை வருடச் சம்பளம். கொடுக்க வேண்டிய பரிசுதான்.

கப்பலில் கொலையே நடந்ததாமே?

நடந்தது. 1880-இல், கடுமையான மேட் ஒருவருக்கும் ஜான் பிரான்சிஸ் என்ற கறுப்பின மாலுமிக்கும் மோதல் முற்றி, மேட் அடித்த அடியில் பிரான்சிஸ் இறந்துபோனார். கேப்டன் வாலஸ் அந்த மேட்டை ஜாவாவின் அஞ்சேர் துறையில் தப்பிக்க விட்டுவிட்டார். கொதித்துப்போன மாலுமிகள் வேலை செய்ய மறுத்தார்கள். காற்றும் நின்றுபோய் ஜாவாக் கடலில் கப்பல் அசையாமல் கிடந்தது. விசாரணை வரும், தன் பிழைப்பு முடிந்தது என்று தெரிந்த வாலஸ் கடலில் குதித்து உயிரை விட்டார். பிறகு மேட் பிடிபட்டு, லண்டனில் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டமும் சாட்சியும் இல்லாத நடுக்கடலில் ஒரு மேட்டின் குணம்தான் மாலுமியின் விதி. வேகத்தைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தேயிலை போன பிறகு என்ன ஏற்றினார்கள்?

கிடைத்ததை. நிலக்கரி, சணல், மண்ணெண்ணெய்ப் பெட்டிகள். கல்கத்தாவிலிருந்து மெல்போர்னுக்குத் தேயிலையும் போயிருக்கிறது. 1883-வாக்கில் நம் கரைக்கும் வந்தது. மதராஸ், பீமிலிப்பட்டினம், காக்கிநாடா பக்கத்திலிருந்து வெல்லமும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு லண்டன் போனது. கடுக்காய் தோல் பதனிட. அந்தக் காலத்து மதராஸில் கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரமிட, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைச் சுமந்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகை, அலை மோதினால் நெளிந்துகொடுக்கும்.

அதன் பிறகுதான் ஆஸ்திரேலியக் கம்பளி. கட்டி சார்க்கின் உண்மையான பொற்காலம். 1883 டிசம்பரில் கேப்டன் மூர் 4,289 கம்பளிப் பொதிகளை ஏற்றி 83 நாளில் லண்டன் சேர்த்தார். திருகுக் கருவி வைத்து நெருக்கி அழுத்தித்தான் பொதிகளை உள்ளே திணிப்பார்கள். 1885 முதல் பத்தாண்டு கேப்டன் ரிச்சர்ட் வுட்ஜெட். முதல் பயணத்திலேயே சிட்னியிலிருந்து 73 நாளில் இங்கிலாந்து வந்தார். தெற்கே ஆழமாக இறங்கி, பலத்த மேற்குக் காற்றைப் பிடித்து, பனிப்பாறைகளுக்கு நடுவே ஓட்டி, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றுவது அவர் வழி. வேகம் கூடியது, மாலுமிகளுக்குக் குளிரும் கூடியது. 1889 ஜூலையில் பிரிட்டானியா என்ற பெரிய பயணிகள் நீராவிக் கப்பலை ஓர் இரவில் முந்திக்கொண்டு போனது.

வேகத்தை எப்படி அளந்தார்கள்?

சரியான இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டு. அதைக் கடலில் போட்டு, 28 வினாடி மணல் கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணுவார்கள். கட்டி சார்க்கின் உச்ச வேகம் பதினேழரை முடிச்சு, அதாவது மணிக்குப் பதினேழரைக் கடல் மைல்.

பிறகு கப்பல் என்ன ஆனது?

1895-இல் போர்ச்சுக்கீசியர்களுக்கு விற்றார்கள், பெயர் ‘ஃபெரெய்ரா’ ஆனது. அங்கத்து மாலுமிகள் மட்டும் தங்கள் மொழியில் ‘சின்னச் சட்டை’ என்றே கூப்பிட்டார்கள். 1922-இல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையில் அதைப் பார்த்த கேப்டன் வில்ஃபிரட் டவ்மன் 3,750 பவுண்டு கொடுத்து மீட்டார். சில காலம் பயிற்சிக் கப்பல். 1954-இல் கிரீனிச் உலர்துறைக்கு வந்தது. 2007 மே மாதம் தீப்பிடித்தது. பராமரிப்புக்காகப் பாய்மரங்களையும் நிறையப் பலகைகளையும் ஏற்கெனவே கழற்றி வேறிடத்தில் வைத்திருந்ததால் பெரும்பகுதி தப்பியது. 2012-இல் மீண்டும் திறந்தார்கள்.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

கேப்டன் அறையின் மெருகேறிய மரவேலையைப் பார்த்த கையோடு, மாலுமிகளின் தளத்து அறைக்குப் போய்ப் படுக்கைத் தட்டுகளின் நீளத்தைப் பாருங்கள். அங்கிருந்து வெளியே வந்து நடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கடைசியாக அணியத்துக்குக் கீழே போனால் நன்னி சிலை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நிற்கும்போது பயிற்சிப் பையன்கள் பழைய கயிற்றைப் பிரித்து நாராக்கி, குதிரைவால் செய்து அவள் கையில் வைப்பார்களாம். தேய்ந்த கயிற்றுக்கு அந்தக் கப்பலில் பஞ்சமே இருந்ததில்லை.